ஃபேர்போர்ட் கன்வென்ஷன்: பழைய பாட்டுகள் ஒரு ராக் குழுவை மாற்றிய விதம்

ஒரு நாட்டுப்புறப் பாட்டுக்குப் பின்னால் எலெக்ட்ரிக் கிடாரும் டிரம்ஸும் கேட்டால் போதும், 'ஃபோக் ராக்' என்று பெயர் வைத்துவிடுகிறோம். அமெரிக்கப் பாடகர் பாப் டிலன் எலெக்ட்ரிக் கிடாரோடு மேடையேறிச் சொந்தப் பாட்டைப் பாடியதும் ஃபோக் ராக். நானூறு வருடப் பழைய கதைப்பாடலை டிரம்ஸ் வைத்துப் பாடுவதும் ஃபோக் ராக். இரண்டும் ஒன்றா?

ஒன்றில்லை. அந்த வித்தியாசம் எங்கே இருக்கிறது என்று புரிந்துகொள்ள, 1967இல் வட லண்டனில் தொடங்கிய ஃபேர்போர்ட் கன்வென்ஷன் என்ற குழுவின் கதை நன்றாக உதவும். முதல் வகை இசையை வாசிக்கத்தான் அந்தப் பிள்ளைகள் கூடினார்கள். இரண்டரை வருடத்துக்குள் இரண்டாம் வகைக்கு ஒரு முழு இலக்கணமே அமைத்துவிட்டார்கள். அந்த மாற்றம் எப்படி நடந்தது, ஏன் நடந்தது என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் சொற்கள்

குழப்பத்தின் வேர் 'ஃபோக்' என்ற சொல்லிலேயே இருக்கிறது. 1960களில் அதற்கு இரண்டு பொருள் புழங்கியது.

1. நாட்டார் பாடல். எழுதியவர் யாரென்று தெரியாது. ஒருவர் பாட இன்னொருவர் கேட்டு, வாய்வழியே வந்தது. ஒரே பாட்டு ஊருக்கு ஊர் வேறு சொல்லோடும் வேறு மெட்டோடும் கிடைக்கும்.

2. கையில் ஒரு கிடாரோடு, தானே எழுதிய பாட்டை மெதுவாகப் பாடுகிற இளம் பாடகரின் பாணி. இதில் பாட்டு புதியது; எழுதியவருக்குப் பெயர் உண்டு. பழமையின் வாசனை மட்டும் ஒட்டியிருக்கும்.

முதல் பொருளுக்கு இங்கிலாந்தில் பெரிய சேகரிப்பு வரலாறு இருக்கிறது. அமெரிக்காவின் ஹார்வர்டு பேராசிரியர் ஃபிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்டு 1882 முதல் 1898 வரை இங்கிலாந்து, ஸ்காட்லாந்துக் கதைப்பாடல்கள் 305ஐத் தொகுத்து வெளியிட்டார். இன்றைக்கும் அந்தப் பாடல்களை 'சைல்டு 39', 'சைல்டு 81' என்று எண் சொல்லித்தான் ஆய்வாளர்கள் குறிப்பிடுகிறார்கள். அப்புறம் சிசில் ஷார்ப். 1903இல் சாமர்செட் பகுதியின் ஹாம்பிரிட்ஜ் கிராமத்தில் ஒரு தோட்டக்காரர் பாடியதைக் கேட்டு எழுதிக்கொண்டதிலிருந்து அவருடைய சேகரிப்பு தொடங்கியது. அவர் பெயரில் லண்டனில் உள்ள சிசில் ஷார்ப் ஹவுஸ் இந்தப் பாட்டுகளுக்கான நூலகமாக இருக்கிறது. அந்த நூலகம் இந்தக் கதையில் திரும்ப வரும்.

கதைப்பாடல் என்றால் என்ன என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். ஒரு முழுக் கதையை, அதிலும் பெரும்பாலும் கொலை, கள்ளக் காதல், கப்பல் கவிழ்தல், மாயம் போன்றவற்றை, அடுக்கடுக்கான சரணங்களில் சொல்வது. பலவற்றில் பல்லவி கிடையாது. பாடுகிறவர் அழுவதில்லை, கருத்துச் சொல்வதில்லை. நடந்ததைச் சொல்லிக்கொண்டே போவார். இந்தக் குணம்தான் பின்னால் ராக் இசைக்குப் பெரிய சோதனையாக வந்தது.

அமெரிக்காவிலிருந்து வந்த முதல் அலை

1964இல் நியூகாசிலைச் சேர்ந்த தி அனிமல்ஸ் குழு 'ஹவுஸ் ஆஃப் தி ரைசிங் சன்' என்ற மரபுப் பாடலை எலெக்ட்ரிக் கிடாரும் ஆர்கனும் வைத்து வாசித்து, பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. 1965இல் தி பேர்ட்ஸ் குழு பாப் டிலனின் 'மிஸ்டர் டாம்பரின் மேன்' பாட்டைப் பன்னிரண்டு தந்தி எலெக்ட்ரிக் கிடாரோடு பாடி அதே இடத்துக்கு வந்தது. அந்த வருடம் ஜூலை 25 அன்று நியூபோர்ட் ஃபோக் விழாவில் டிலனே எலெக்ட்ரிக் கிடாரோடு மேடையேற, கூட்டத்தில் ஒரு பகுதி கூச்சலிட்டது.

அந்த விழாவில் மேடை ஏற்பாடுகளைக் கவனித்த இளைஞர்களில் ஒருவர் ஜோ பாய்ட். டிலன் கிடாரை மாற்றியபோது கூடவே இருந்த அவர்தான், இரண்டு வருடம் கழித்து லண்டனில் ஃபேர்போர்ட் குழுவைக் கண்டெடுத்து அவர்களுடைய ஆல்பங்களைத் தயாரித்தவர். இந்தத் தொடர்பை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. ஃபேர்போர்ட்டின் தொடக்கம் முழுக்க அமெரிக்க ஃபோக் ராக்கின் நிழலில்தான் நடந்தது.

இந்த முதல் அலையின் பெரும்பகுதி புதுப் பாட்டுகள். அனிமல்ஸ் போலச் சிலர் மரபுப் பாட்டை எடுத்தபோதும், ராக் இசை தன் வழக்கத்தை மாற்றிக்கொள்ளவில்லை. பாட்டுதான் ராக்குக்கு ஏற்றபடி வளைந்தது.

முஸ்வெல் ஹில் வீடு

வட லண்டனின் முஸ்வெல் ஹில் பகுதியில் 'ஃபேர்போர்ட்' என்று பெயர் வைத்த ஒரு வீடு. கிடார் வாசிக்கும் சைமன் நிக்கோலின் குடும்பத்து வீடு அது. அங்கே ஒத்திகை பார்க்கக் கூடியதால் 'ஃபேர்போர்ட் கன்வென்ஷன்', அதாவது ஃபேர்போர்ட் கூட்டம் என்று பெயர் வந்தது. பேஸ் கிடாரில் ஆஷ்லி ஹட்சிங்ஸ், இன்னொரு கிடாரில் ரிச்சர்ட் தாம்ப்சன். 1967 மே 27 அன்று கோல்டர்ஸ் கிரீனில் ஒரு தேவாலயக் கூடத்தில் முதல் கச்சேரி. அன்று பார்வையாளராக வந்த மார்ட்டின் லாம்பிள் என்ற இளைஞர் தன்னால் இதைவிட நன்றாக டிரம்ஸ் வாசிக்க முடியும் என்று சொல்லி, அடுத்த கச்சேரியிலிருந்து அவரே டிரம்மர் ஆனார். ஜூடி டைபிள் பாடினார். பின்னர் இயன் மேத்யூஸும் சேர்ந்தார்.

அவர்கள் பாடியது என்ன? டிலன், ஜோனி மிட்செல், லெனார்ட் கோஹன், ரிச்சர்ட் ஃபரின்யா ஆகியோரின் பாட்டுகள். ஜோனி மிட்செல் பிரிட்டனில் பெயர் பெறும் முன்பே அவருடைய பாட்டுகள் பாய்ட் மூலம் இவர்களுக்குக் கிடைத்தன. ஆணும் பெண்ணும் சேர்ந்து பாட, நீண்ட கிடார் தனி வாசிப்புகளோடு நடந்த அந்தக் கச்சேரிகளைப் பார்த்துப் பலரும் அமெரிக்க ராக் குழு ஒன்றின் பெயரைச் சொல்லி இவர்களை 'இங்கிலாந்தின் ஜெஃபர்சன் ஏர்பிளேன்' என்றார்கள். 1968இல் வந்த முதல் ஆல்பத்தில் இங்கிலாந்தின் மண் அவ்வளவாகத் தெரியாது. நல்ல ரசனை உள்ள பிள்ளைகள் நன்றாகத் தேர்ந்தெடுத்த வெளிநாட்டுப் பாட்டுகள் என்ற அளவில்தான் அது நிற்கிறது.

ஆனால் தாம்ப்சனின் கிடாரில் ஏதோ ஒன்று அப்போதே வேறுபட்டு ஒலித்தது. அக்காலத்து லண்டன் கிடாரிஸ்டுகள் பெரும்பாலும் அமெரிக்கக் கறுப்பின மக்களின் புளூஸ் இசையைப் பயின்றவர்கள். தாம்ப்சனின் அப்பா ஸ்காட்லாந்துக்காரர். வீட்டில் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் ஜாஸும் ஒலித்தது, ஸ்காட்லாந்து அக்கார்டியன் வித்வான் ஜிம்மி ஷாண்டின் நடன இசையும் ஒலித்தது. பேக்பைப் என்ற பைக்குழல் போல நீளும் சுரங்கள் அவர் விரலுக்கு அங்கிருந்துதான் வந்தன என்பது என் கணிப்பு.

சாண்டி டெனி கொண்டுவந்த சுமை

1968 மே மாதம் ஜூடி டைபிள் விலக, சாண்டி டெனி வந்தார். இதை வெறும் பாடகி மாற்றமாகப் பார்த்தால் கதை புரியாது. டெனி லண்டன் ஃபோக் கிளப்புகளில் தனியாகப் பாடி வளர்ந்தவர். மைக் இல்லாத அறையில், ஒரு கிடாரை மட்டும் வைத்துக்கொண்டு, மதுக்கோப்பைகளோடு உட்கார்ந்திருக்கும் கூட்டத்தைப் பாட்டால் கட்டிப்போடும் பயிற்சி அது. மரபுப் பாடல்கள் பல அவருக்கு மனப்பாடம். அந்தப் பாட்டுகளையும் சுமந்துகொண்டுதான் ராக் குழுவுக்குள் நுழைந்தார்.

1969 ஜனவரியில் வந்த இரண்டாம் ஆல்பத்தில் இரண்டு மரபுப் பாட்டுகள் எட்டிப் பார்த்தன. உண்மையான திருப்பம் அதே வருடம் ஜூலையில் வெளியான 'அன்ஹாஃப்பிரிக்கிங்' ஆல்பத்தில் இருக்கிறது. (அந்தப் பெயருக்குப் பொருள் கிடையாது, பயணத்தின்போது ஆடும் ஒரு சொல் விளையாட்டில் டெனி இட்டுக்கட்டிய சொல்.) இந்த ஆல்பத்தில் டிலன் பாட்டுகள் மூன்று உண்டு. டெனியே எழுதிய, இன்றும் எங்கெங்கோ பாடப்படும் 'ஹூ நோஸ் வேர் த டைம் கோஸ்' உண்டு. நடுவில் 11 நிமிடம் ஓடும் 'எ செய்லர்ஸ் லைஃப்' என்ற மரபுப் பாட்டு.

காணாமல் போன மாலுமிக் காதலனைத் தேடிக் கடலுக்குப் போகும் பெண்ணின் கதை அது. டெனி கிளப்புகளில் தனியாகப் பாடிவந்தது. ஃபிடில் (வயலின்) வாசிக்க விருந்தினராக டேவ் ஸ்வார்பிரிக்கை அழைத்தார்கள். பர்மிங்காமின் இயன் கேம்பெல் குழுவிலும், ஃபோக் பாடகர் மார்ட்டின் கார்த்தியோடு இணையாகவும் வாசித்து ஃபோக் உலகில் ஏற்கெனவே நட்சத்திரமாக இருந்தவர். ஒத்திகை அதிகம் இல்லாமல், ஒரே டேக்கில் பதிவானது. லாம்பிளின் டிரம்ஸ் தாளம் போடுவதை விட்டு அலைபோலப் புரள்கிறது. கிடாரும் ஃபிடிலும் ஒன்றையொன்று துரத்துகின்றன. பின்னால் ஒரு சுருதி விடாமல் நிற்கிறது. தம்புரா பின்னணிக்குப் பழகிய காதுக்கு இந்தப் பதிவு அந்நியமாகவே படாது. ரவிசங்கரின் சிதார் லண்டன் ராக் குழுக்களின் காதில் விழுந்துகொண்டிருந்த காலம் அது. சுருதி மேல் மெட்டை விரிக்கும் வழி அங்கேயும் காற்றில் இருந்தது.

1969 மே 12, அதற்குப் பின்

ஆல்பம் கடைக்கு வரும் முன்பே அது நடந்தது. பர்மிங்காமில் கச்சேரி முடித்துவிட்டு எம்1 நெடுஞ்சாலையில் லண்டன் திரும்பும்போது வேன் கவிழ்ந்தது. மார்ட்டின் லாம்பிள் இறந்தார். அவருக்கு வயது 19. தாம்ப்சனின் தோழி ஜீனி ஃபிராங்க்ளினும் இறந்தார். வேனில் இருந்த மற்றவர்களும் காயமடைந்தார்கள். குழுவைக் கலைத்துவிடலாமா என்ற பேச்சும் எழுந்தது.

தொடர்வது என்று முடிவெடுத்தபோது, எந்தப் பாட்டைத் தொடுவது என்ற கேள்வி வந்தது. இங்கிருந்துதான் முழு மாற்றம். அதற்கான காரணங்கள் மூன்று, ஒன்றன்மேல் ஒன்றாக வந்து அமர்ந்தன.

1. இழப்பு. அதுவரை வாசித்துவந்த பாட்டுகள் எல்லாவற்றிலும் லாம்பிளின் கை இருந்தது. அவற்றை இன்னொருவரை வைத்து வாசிக்க அவர்களுக்கு மனம் வரவில்லை. கைவசம் இருந்த பட்டியல் முழுவதையும் வைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டியிருந்தது.

2. தி பேண்ட் குழு. 1968இல் வந்த அவர்களுடைய 'மியூசிக் ஃப்ரம் பிக் பிங்க்' ஆல்பம் அமெரிக்காவின் கிராமிய இசை, தேவாலய இசை, புளூஸ் எல்லாவற்றையும் இயல்பாகக் கலந்து ஒலித்தது. அதைக் கேட்ட ஃபேர்போர்ட்காரர்களுக்கு, அமெரிக்க இசையை அமெரிக்க மண்ணோடு உறவாடியவர்கள் வாசிப்பதுபோல் தங்களால் வாசிக்க முடியாது என்பது உறைத்தது. அப்படியானால் நம் மண்ணில் என்ன இருக்கிறது என்ற கேள்வி தானாக வந்தது. (அந்தக் குழுவின் ஐந்து பேரில் நான்கு பேர் கனடாக்காரர்கள். மண் என்பது பிறப்புச் சான்றிதழ் விஷயம் இல்லை என்பதற்கு இதுவே போதும்.)

3. கையில் இருந்த ஆட்கள். பாட்டுகள் தெரிந்த டெனி ஏற்கெனவே இருந்தார். நடன மெட்டுகள் விரல் நுனியில் இருந்த ஸ்வார்பிரிக் இப்போது நிரந்தர உறுப்பினர் ஆனார். ஹட்சிங்ஸ் சிசில் ஷார்ப் ஹவுஸ் நூலகத்தில் போய் உட்கார்ந்து பாட்டுகளின் வேறு வேறு வடிவங்களைத் தேட ஆரம்பித்தார்.

இந்த மூன்றில் ஒன்று குறைந்திருந்தாலும் நடந்திருக்காது என்பேன். துயரம் மட்டும் இருந்திருந்தால் குழு கலைந்திருக்கும். ஆர்வம் மட்டும் இருந்திருந்தால், ஆல்பத்துக்கு இரண்டு மரபுப் பாட்டு என்ற அளவோடு நின்றிருக்கும்.

ஒரு கோடைக்காலம், நான்கு சிக்கல்கள்

1969 கோடையில் ஹாம்ப்ஷயரில் வின்செஸ்டருக்குப் பக்கத்தில் ஃபார்லி சேம்பர்லேன் என்ற சிற்றூரில் ஒரு பெரிய பழைய வீட்டை எடுத்துக்கொண்டு எல்லோரும் ஒன்றாகத் தங்கினார்கள். உடம்பும் மனமும் தேற வேண்டியிருந்தது. புது டிரம்மராக டேவ் மாட்டாக்ஸ் வந்தார். அங்கே அவர்கள் தீர்க்க வேண்டியிருந்த இசைச் சிக்கல்களைப் பார்த்தால், பழைய பாட்டுக்கு ராக் பக்கவாத்தியம் வைப்பது எவ்வளவு கடினமான வேலை என்று தெரியும்.

1. பல்லவி இல்லாத பாட்டு. ராக் பாட்டு திரும்பத் திரும்பப் பல்லவிக்கு வரும். கேட்பவர் அங்கே வந்து இளைப்பாறுவார். கதைப்பாடலில் அந்தத் திண்ணை கிடையாது. இருபது சரணம், ஒரே மெட்டு. தனியாகப் பாடுபவருக்குக் குரலே போதும். ஐந்து வாத்தியங்கள் கூடவே இருந்தால் மூன்றாம் சரணத்திலேயே சலித்துவிடும். ஃபேர்போர்ட்டின் தீர்வு: கதையின் போக்கை வாத்தியங்களிடம் ஒப்படைப்பது. தொடக்கத்தில் அடக்கமாக வாசித்து, கதையில் ஆபத்து நெருங்க நெருங்க அடர்த்தியைக் கூட்டி, சில இடங்களில் சட்டென்று குறைத்து, கதை முடிந்தபின் வாத்தியங்கள் மட்டும் ஓடும்படி விட்டார்கள். டெனி எந்தச் சரணத்திலும் மிகையாக நடிக்கவில்லை. கதை சொல்லியின் நிதானத்தை அவர் காப்பாற்ற, பதற்றத்தை டிரம்ஸும் கிடாரும் சுமந்தன.

2. கார்டுகளுக்கு (ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டங்களுக்கு) அடங்காத மெட்டு. பழைய ஆங்கிலேய மெட்டுகள் பல, மேலைச் செவ்வியல் இசையின் மேஜர், மைனர் என்ற இரண்டு பெட்டிக்குள் அடங்காது. டோரியன், மிக்சோலிடியன் என்னும் பழைய சுர வரிசைகளில் அவை நிற்கும். சுர அளவில் பார்த்தால் டோரியன் நம் கரகரப்பிரியாவுக்கும், மிக்சோலிடியன் அரிகாம்போதிக்கும் நேர். இரண்டிலும் கைசிகி நிஷாதம். மேலை இசையில் ஒரு கார்டு அடுத்த கார்டுக்கு இழுத்துக்கொண்டு போவதற்குக் காகலி நிஷாதம்தான் முக்கியத் துணை. அது இல்லாத மெட்டின் மீது வழக்கமான பாப் கார்டுகளை ஏற்றினால் மெட்டின் நிறமே போய்விடும். அதனால் கார்டுகளைக் குறைத்து, சட்ஜ பஞ்சமத்தை நிறுத்தி, அதன்மேல் மெட்டை ஓடவிட்டார்கள். கிடாரும் ஃபிடிலும் பல இடங்களில் துணைக்கார்டு போடாமல் ஒரே மெட்டைச் சேர்ந்து வாசிக்கின்றன.

3. தாளம். ராக்கின் அடிப்படை நான்கு அடி. இரண்டாம் நான்காம் அடியில் பலத்த தட்டு. நடன மெட்டுகளில் 'ரீல்' வகை சதுஸ்ர நடைக்கு ஒத்துவரும். 'ஜிக்' வகை மூன்று மூன்றாகப் போகும், திஸ்ரம் போல. 'ஸ்லிப் ஜிக்' ஒன்பதாக வரும். இவற்றின்மேல் ராக்கின் பலத்த தட்டை அப்படியே வைத்தால் நடனத்தின் துள்ளல் செத்துவிடும். மாட்டாக்ஸ் இங்கேதான் தன் அருமையைக் காட்டினார். நடன அரங்குகளில் வாசிக்கும் பெரிய வாத்தியக் குழுக்களில் வேலை பார்த்தவர். ஃபோக் பாட்டு அவருக்குப் புதிது. முன்முடிவு எதுவும் இல்லாததால் மெட்டைக் கேட்டு, தேவையான அடியை மட்டும் போட்டார். ஃபிடில் வேகமாக ஓடும்போது டிரம்ஸ் பாதி வேகத்தில் கனமாக நடக்கும் அந்த உத்தியைப் பிற்காலக் குழுக்கள் பலவும் எடுத்துக்கொண்டன.

4. சத்தம். எலெக்ட்ரிக் கிடாருக்கு நடுவே ஒரு சாதாரண ஃபிடில் கேட்காது. ஃபிடிலுக்கும் மின் இணைப்புக் கொடுத்தாக வேண்டும். கொடுத்தால் அதன் தொனி மாறி, கிடாருக்கு ஈடான முரட்டுத்தனம் வரும். ஸ்வார்பிரிக் அந்த முரட்டுத்தனத்தை மறைக்காமல் பயன்படுத்தினார். அதற்கு அவர் கொடுத்த விலை பெரிது: பல வருடச் சத்தத்தில் அவருடைய செவித்திறன் கெட்டது.

இந்த நான்கிலும் ஒரு பொது அம்சம் இருக்கிறது. ஒவ்வொரு இடத்திலும் வளைந்துகொடுத்தது ராக். பாட்டின் வடிவம், மெட்டின் சுரம், நடனத்தின் நடை எல்லாம் தன் இடத்தில் நிற்க, வாத்தியக்காரர்கள் தங்கள் பழக்கத்தை மாற்றிக்கொண்டார்கள். அமெரிக்க ஃபோக் ராக்குக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுதான். இந்த இரண்டாம் வகையைச் சிலர் 'எலெக்ட்ரிக் ஃபோக்' என்று தனிப் பெயரில் அழைப்பதும் இதனால்தான்.

மரபுப் பாட்டுக்கு டிரம்ஸ் வைத்த முதல் ஆங்கிலேயர்கள் இவர்கள் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். பென்டாங்கிள் குழு அதற்கு முன்பே செய்தது. ஆனால் அவர்கள் ஜாஸ் வழியில், டபுள் பேஸோடு மென்மையாகப் போனார்கள். முழு ராக் கனத்தோடு, முழு ஆல்பமாகச் செய்தது ஃபேர்போர்ட்.

'லீஜ் அண்ட் லீஃப்'

1969 செப்டம்பர் 24 அன்று லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் இந்தப் பாட்டுகளைப் பொதுமேடையில் வைத்தார்கள். அன்று அவர்களுக்கு முன்னால் பாடியவர் நிக் டிரேக். அவரை ஒரு நிகழ்ச்சியில் கேட்டுவிட்டு ஜோ பாய்டிடம் சொல்லி அனுப்பியவரே ஹட்சிங்ஸ்தான். டிசம்பரில் 'லீஜ் அண்ட் லீஃப்' ஆல்பம் வந்தது. விசுவாசம், விருப்பம் என்ற பொருள் தொனிக்கும் இரண்டு பழைய ஆங்கிலச் சொற்கள். எட்டுப் பதிவுகளில் ஐந்து மரபு. மூன்று புதியவை, அவையும் மரபுப் பாட்டின் சாயலில் எழுதப்பட்டவை. உள் அட்டையில் சைல்டு, ஷார்ப் போன்றவர்களைப் பற்றியும் கிராமச் சடங்குகளைப் பற்றியும் படங்களோடு குறிப்புகள். ஒரு ராக் ஆல்பம் தன் கடனை அப்படி வெளிப்படையாகச் சொன்னது அபூர்வம்.

இதில் 'மேட்டி குரோவ்ஸ்' என்ற பாட்டைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். சைல்டு 81. பிரபுவின் மனைவி தேவாலயத்தில் ஓர் இளைஞனைப் பார்த்து வீட்டுக்கு அழைக்கிறாள். வேலைக்காரப் பையன் ஓடிப்போய்ப் பிரபுவிடம் சொல்கிறான். பிரபு வந்து இருவரையும் எழுப்பி, இளைஞனுக்கும் ஒரு வாளைக் கொடுத்துச் சண்டையிட்டுக் கொல்கிறான். மனைவி அப்போதும் பணியவில்லை, அவளையும் கொல்கிறான். 17ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்து நாடகம் ஒன்றிலேயே இந்தப் பாட்டின் வரிகள் வருகின்றன. அவ்வளவு பழசு.

ஆனால் ஃபேர்போர்ட் அதற்கு வைத்த மெட்டு, அமெரிக்க அப்பலாச்சிய மலைப்பகுதியில் பாடப்படும் 'ஷேடி குரோவ்' பாட்டின் மெட்டு. ஆங்கில ஃபோக் ராக்கின் அடையாளம் என்று கொண்டாடப்படும் பாட்டு அமெரிக்க மெட்டில் நிற்கிறது. இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த மலைகளுக்குக் குடியேறியவர்கள் இந்தக் கதைப்பாடல்களையும் கூடவே எடுத்துப் போனவர்கள். ஷார்ப்பே 1916 முதல் 1918 வரை அங்கே போய்ப் பாட்டுகளைச் சேகரித்தார். பாட்டு கடல் தாண்டிப் போகும், வேறு உடையில் திரும்பி வரும். வாய்வழி மரபு வேலை செய்யும் விதமே அப்படித்தான். தூய்மையைத் தேடிப் போயிருந்தால் ஹட்சிங்ஸ் நூலகத்திலிருந்து வெளியே வந்திருக்கவே மாட்டார்.

2006இல் பிபிசி ரேடியோ 2 நேயர்கள் இந்த ஆல்பத்தை எல்லாக் காலத்திலும் மிகுந்த தாக்கம் ஏற்படுத்திய ஃபோக் ஆல்பமாகத் தேர்ந்தெடுத்தார்கள்.

பிளவு

ஆல்பம் கடைக்கு வருவதற்குள் குழு உடைந்திருந்தது. ஹட்சிங்ஸுக்கு மரபுக்குள் இன்னும் ஆழமாகப் போக வேண்டும்; அவர் விலகி ஸ்டீலை ஸ்பான் குழுவைத் தொடங்கினார். டெனிக்குத் தன் சொந்தப் பாட்டுகளைப் பாட வேண்டும். அவர் ஃபாதரிங்கே குழுவுக்குப் போனார். ஒரே ஆல்பத்திலிருந்து இருவரும் நேர் எதிர்த் திசைகளில் நடந்ததைப் பார்த்தால், அந்த எட்டுப் பாட்டுகளுக்குள் எவ்வளவு இழுவிசை இருந்தது என்று தெரியும்.

பேஸ் கிடாருக்கு டேவ் பெக் வந்தார். 1970இல் 'ஃபுல் ஹவுஸ்' வந்தது. பாடகி இல்லாத ஃபேர்போர்ட்டின் உச்சம் அதுதான். 1971 ஜனவரியில் தாம்ப்சன் போனார். அந்த வருடமே 'பாபகோம்ப் லீ' என்ற கதைத்தொடர் ஆல்பம்: 1885இல் எக்ஸிடர் சிறையில் மூன்று முறை தூக்கிலிட முயன்றும் பொறிக்கதவு திறக்காததால் உயிர் தப்பிய ஜான் லீயின் கதை. அப்புறம் நிக்கோலும் விலகினார். தொடங்கியவர்களில் ஒருவர்கூட இல்லாமல் ஸ்வார்பிரிக்கும் பெக்கும் சில வருடம் குழுவை நடத்தினார்கள். டெனி 1974இல் திரும்பி வந்து, 'ரைசிங் ஃபார் த மூன்' ஆல்பத்துக்குப் பின் மறுபடி விலகினார். 1978 ஏப்ரலில் தன் 31ஆம் வயதில் இறந்தார். நிக்கோல் 1976இல் திரும்பினார்.

1979 ஆகஸ்ட் 4. பகலில் நெப்வொர்த்தில் லெட் செப்பலின் என்ற ராக் குழு தலைமை ஏற்ற மாபெரும் கச்சேரியில் வாசித்துவிட்டு, மாலையில் ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரின் க்ரோப்ரெடி கிராமத்தில் விடைபெறும் கச்சேரி நடத்தினார்கள். ஆனால் அடுத்த வருடமும் அதே கிராமத்தில் கூடினார்கள். அதற்கடுத்த வருடமும் கூடினார்கள், இடம் மட்டும் ப்ராட்டன் கோட்டை. அந்தக் கூடல் வருடாந்திர விழாவாக வளர, 1985இல் குழு முறையாக மீண்டது. கூட்டம் 20,000 வரை போன வருடங்கள் உண்டு.

ஆட்கள் இவ்வளவு மாறியும் இது ஒரே குழுதானா என்று கேட்பார்கள். பாப் உலகக் கணக்கில் பார்த்தால் குழப்பம்தான். நாட்டார் பாட்டின் கணக்கில் பார்த்தால் இயல்பு. பாடுகிறவர் மாறுவார், பாட்டு நிற்கும்.

உரிமைத்தொகை என்ற சிக்கல்

மரபுப் பாட்டுக்கு ஆசிரியர் இல்லை என்றால் பணம் யாருக்கு? ஆல்பம் அட்டைகளில் 'மரபு. இசை ஒழுங்கு: இன்னார்' என்று போடும் வழக்கம் இதற்காகத்தான். பாட்டு பொதுச்சொத்து, ஆனால் அதை ஒழுங்கமைத்த விதத்துக்கு ஒருவர் உரிமை கோரலாம். அனிமல்ஸ் பதிவில் ஒழுங்கமைத்தவராக ஆர்கன் வாசித்த ஆலன் பிரைஸின் பெயர் மட்டும் அச்சாக, உரிமைத்தொகை முழுவதும் அவருக்கே போனது. மற்ற நால்வருக்கும் அது பல வருட மனக்கசப்பு. அமெரிக்கப் பாடகர் பால் சைமன் 'ஸ்கார்பரோ ஃபேர்' என்ற மரபுப் பாட்டை லண்டனில் மார்ட்டின் கார்த்தியிடம் கேட்டுக் கற்று வெளியிட்டபோதும் அப்படியொரு கசப்பு. 2000இல் இருவரும் ஒரே மேடையில் அதைப் பாடியபோதுதான் ஆறியது.

ஃபோக் ராக் வளர வளர இந்தக் கேள்வியின் கூர்மையும் கூடியது. ஹாம்பிரிட்ஜ் தோட்டக்காரரைப் போலப் பாட்டைக் காப்பாற்றி வைத்திருந்தவர்கள் இந்தக் கணக்கில் எங்குமே வருவதில்லை. எனக்கு இது இன்னும் நியாயமாகப் படவில்லை.

எங்கெல்லாம் பரவியது

ஸ்டீலை ஸ்பான் 1975இல் 'ஆல் அரவுண்ட் மை ஹாட்' பாட்டோடு பிரிட்டன் பட்டியலில் ஐந்தாம் இடம் வரை போனது. லெட் செப்பலின் 1971 ஆல்பத்தில் ஒரு பாட்டுக்கு டெனியை அழைத்தார்கள். அந்தக் குழுவின் ஆல்பங்களில் விருந்தினராகப் பாடிய ஒரே குரல் அவருடையது. கிழக்கு லாஸ் ஏஞ்சலீஸின் லாஸ் லோபோஸ் குழுவினர் ஃபேர்போர்ட்டை விரும்பிக் கேட்டவர்கள். தங்கள் வீட்டு மெக்சிகோ இசையை ராக் குழுவின் கையோடு வாசிக்கலாம் என்ற துணிவுக்கு அந்தக் கேட்டலும் ஒரு காரணம். இங்கே போய்ச் சேர்ந்தது ஆங்கிலேய மெட்டு அல்ல, வழிமுறை.

கேட்கத் தொடங்க

1. முதல் ஆல்பத்திலிருந்து ஏதாவது இரண்டு பாட்டு. எவ்வளவு அமெரிக்கத்தனமாக இருக்கிறது என்று கவனியுங்கள்.

2. 'எ செய்லர்ஸ் லைஃப்', முழு 11 நிமிடமும். பாட்டு முடிந்தபின் கிடாரும் ஃபிடிலும் பேசத் தொடங்கும் இடம் முக்கியம்.

3. 'லீஜ் அண்ட் லீஃப்' ஆல்பத்தின் வாத்தியத் தொகுப்பு. நான்கு நடன மெட்டுகள் அடுத்தடுத்து வரும். நடை மாறும் இடங்களில் மாட்டாக்ஸின் டிரம்ஸ் என்ன செய்கிறது என்று மட்டும் கேளுங்கள்.

4. கடைசியாக 'மேட்டி குரோவ்ஸ்'. அந்தப் பெண் சாவதற்கு முன் பேசும் பதிலை டெனி எவ்வளவு அமைதியாகப் பாடுகிறார், அவர் நிறுத்தியதும் தாம்ப்சனும் ஸ்வார்பிரிக்கும் எவ்வளவு வேகமாகக் கிளம்பி ஓடுகிறார்கள் என்று பாருங்கள்.